பையின் நடுவில் வைத்தது

முதுகுப்பை நடைசோதனைப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது என்று நீங்கள் சொன்னதும் உங்கள் வீட்டில் என்ன கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் வீட்டிலும் அதையேதான் கேட்டார்கள். "நடக்கறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" ஆமாம், நடப்பதற்குத்தான். ஓய்வு பெறும்வரை நடந்தேன். போனஸ்கூட வாங்கினேன்.

ஆம்பூர் பக்கம் ஷூ செய்கிற கம்பெனிகளில் புது மாடல் வந்தால் தொழிலாளிகள் சிலரிடம் கொடுத்து மாட்டிக்கொண்டு நடக்கச் சொல்வது பழைய வழக்கம். நம் கம்பெனி ரக்சாக் செய்ய ஆரம்பித்தபோது அதுவும் எங்கள் தலையில் விழுந்தது. மாதக்கணக்கில் ஊர் ஊராக நடக்கும் வெளிநாட்டுப் பயணிகளுக்கான பை. அதில் அவர்கள் எதையெல்லாம் போடுவார்களோ அதையெல்லாம் போட்டு, அவர்கள் எப்படி நடப்பார்களோ அப்படி நடந்து, எங்கே கிழிகிறது, எங்கே ஒழுகுகிறது என்று வந்து சொல்ல வேண்டும். எந்தத் தையல் எவ்வளவு தாங்கும் என்பதை உங்களுக்கு வேறு யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். அந்த விஷயத்துக்குள் நான் போகவில்லை.

இந்த வேலையில் எடை சீக்கிரம் பழகிவிடும். ஜனங்கள் பழகமாட்டார்கள். பெரிய பையைச் சுமந்துகொண்டு சாலையோரம் நடக்கிற பெண்ணைப் பார்த்தால் நம் பக்கத்தில் இரண்டே காரணங்கள்தான் தோன்றும். ஒன்று கோயில், இல்லாவிட்டால் வீட்டுக்காரரோடு சண்டை. வாணியம்பாடிக்கு முன்னால் ஒரு ஆட்டோக்காரர் என் பின்னாலேயே மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தார்.

"ம்மா, கோவத்துல எங்கியும் போய்டாதீங்க. ஏறுங்க, வீட்ல வுட்டுர்றேன். காசு வேணாம்."

"நான் வேலைல இருக்கறேங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் ஜாஸ்தியானதுதான் மிச்சம். இப்படிப்பட்டவர்களிடம் விளக்கம் சொல்லி மூச்சை வீணாக்காதீர்கள். கோயிலுக்கு என்று சொல்லிவிடுங்கள். மோராவது கிடைக்கும்.

எனக்கு முன்னால் இந்தப் பிரிவில் இருந்த ஆண்கள் மோரோடு நின்றவர்கள் இல்லை. அப்போதெல்லாம் பைக்குள் மணல் மூட்டை வைத்து அனுப்புவார்கள். இவர்கள் ஊர் தாண்டியதும் மணலை எடுத்து டவுன் பஸ்ஸில் டிரைவர் சீட்டுப் பக்கம் ஏற்றிவிட்டு, காலிப் பையோடு கதை பேசிக்கொண்டு நடப்பார்கள். மணல் முன்னாலேயே ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் இவர்களுக்காகக் காத்திருக்கும். திரும்ப உள்ளே திணித்து, வெளியே கொஞ்சம் புழுதி தடவிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். எந்தப் பையும் கிழியவில்லை. எல்லா மாடலும் பிரமாதமாகத் தேறியது. வாங்கிக்கொண்டு போன பயணிகளின் முதுகில்தான் பிய்ந்தது.

நான் பொறுப்புக்கு வந்ததும் மணலை நிறுத்தினேன். தூங்கும் பை, துணி, அடுப்பு, சட்டி, ஷூ, கயிறு என்று நிஜச் சாமான்களைப் போட வைத்தேன். பையின் வாய்க்கயிற்றில் நம்பர் போட்ட பிளாஸ்டிக் சீல் மாட்டினேன். காலையில் மாட்டினால் சாயங்காலம் நான்தான் வெட்டுவேன். கையில் எதுவும் இருக்கக்கூடாது, இடுப்பில் எதுவும் தொங்கக்கூடாது. தண்ணீர் பாட்டில் தவிர எல்லாம் உள்ளே. கொடுமைக்காரி என்று பெயர் வாங்கினேன். அந்த விதியை இன்றைக்கும் நான் தப்பென்று சொல்லமாட்டேன். மணல் பஸ்ஸில் போன ஊரில் வேறென்ன செய்வது?

இனி மேஸ்திரி. அவர் பெயரை எழுதினால் போன் போட்டுத் திட்டுவார், அதனால் மேஸ்திரி என்றே இருக்கட்டும். கப்பலுக்குப் போகும் அட்டைப்பெட்டிகளைக் கட்டிக் கட்டித் தலை நரைத்து, பிறகு சாம்பிள் ரூமுக்கு வந்தவர். சாம்பிள் பையை அவரே வெட்டுவார், பக்கத்தில் நின்று தைக்க வைப்பார், சோதனைக்குப் போகும்போது அவரே நிரப்புவார். அடுத்தவர் முதுகை நம்பிப் பையை அனுப்ப மனசு வராமல் தானும் கூட நடப்பார். சட்டைப் பையில் எப்போதும் தோல் உறையில் ஒரு வெட்டுக் கத்தி இருக்கும். தோளில் ஒரு சாக்கு மடிப்பு தொங்கும். டீ குடிக்க நின்றால் அதை விரித்து, அதன்மேல்தான் பையை இறக்க வேண்டும்.

"தரையில வெக்காதீங்கன்னா வெக்காதீங்க! கொழந்தைய இப்டித்தான் மண்ணுல போடுவீங்களா?"

எங்களுக்கு உட்கார இடமில்லாவிட்டால் அவருக்குக் கவலையில்லை.

வெளிநாட்டில் மொத்தமாக வாங்குகிறவர்கள் அந்த வருஷம் அனுப்பிய புது மாடலின் படத்தில், பையின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரு ஜிப் இருந்தது. மேஸ்திரி படத்தைப் பார்த்ததுமே முகம் சுளித்தார்.

"இன்னாத்துக்கு இன்னொரு வாய்? மேல ஒண்ணு இருக்குதுல்ல? ஜிப்பு வழியா தண்ணி பூரும். இது பையா, சல்லடையா?"

ஜிப் இல்லாவிட்டால் தையல் நேரம் கம்மி என்பதால் மானேஜருக்கும் அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. ஜிப் வைக்காமல் ஒரே ஒரு சாம்பிள் செய்வது, நடந்து பார்ப்பது, வாங்குகிறவர்களின் ஆள் வரும்போது காட்டுவது என்று முடிவானது. பை நன்றாகத்தான் வந்தது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. அன்றைக்கெல்லாம் மேஸ்திரி யாரோடும் பேசவில்லை. சந்தோஷம் வந்தால் அவர் அப்படித்தான்.

அதைச் சுமந்தவள் ஸ்டெல்லா. பசை ஒட்டும் டேபிளில் வேலை பார்த்தவள். பசை வாசனையில் இழுப்பு வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, அந்தப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு நான் கேட்டு வாங்கி என் பிரிவில் போட்டுக்கொண்டேன். வெளிக்காற்றில் நடக்க ஆரம்பித்ததும் ஆளே மாறிவிட்டாள். ஆனால் அவள் என்னிடம் வந்தது தற்காலிகமாகத்தான். "நடக்க முடியலன்னா பழைய எடம்தான், வேற எடம் காலி இல்ல" என்று மானேஜர் சொல்லியிருந்தார். பசை டேபிளுக்குத் திரும்பினால் அவள் கதி என்ன என்று எங்களுக்குத் தெரியும், அவளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதனால் இழுப்பு என்ற பேச்சையே எடுக்கமாட்டாள். இன்ஹேலரை மட்டும் பிரியமாட்டாள்.

ஜவ்வாது மலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், மேஸ்திரி பை நிரப்பிக்கொண்டிருந்தபோது, கையில் எதுவும் கூடாது என்ற என் விதிப்படி அதையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ணா, இது ரொம்ப முக்கியம். பத்ரமா வைங்க."

"எங்கிட்ட சொல்லிட்டல்ல, வுடு" என்றார் அவர்.

அவர் பத்திரமாக வைத்தால் அதற்குமேல் பத்திரம் கிடையாது என்பது கம்பெனி அறிந்த விஷயம். அவர் கட்டிய பெட்டி ஒன்று லாரியிலிருந்து உருண்டு விழுந்தும் உள்ளே ஒரு ஜோடி ஷூ நகரவில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். அவள் நிம்மதியாகப் போனாள். நானும் வேறு வேலையைப் பார்க்கப் போனேன்.

மறுநாள் காலை கம்பெனி வேன் எங்களை ஆலங்காயம் தாண்டி, மலை தொடங்குகிற இடத்தில் இறக்கிவிட்டது. புது சாம்பிள் ஸ்டெல்லாவின் முதுகில். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய மாடல்கள் என் முதுகிலும் மேஸ்திரி முதுகிலும். அடிவாரத்தில் ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒரு பெரியவர் எங்களை நிறுத்தினார்.

"எந்த கோயிலுக்கு?"

"பை ஃபாரினுக்குப் போவுது" என்றார் மேஸ்திரி. "நாங்க மலை வரைக்கும் வழியனுப்ப வந்தோம்."

பெரியவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

தார் ரோட்டில் ஏறாமல், காட்டு வழியாகப் போகும் ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். ராத்திரி மழை பெய்து விட்டிருந்தது. பாதி தூரம் ஏறியபோது போன் சிக்னல் போயிற்று. இன்னும் கொஞ்சம் மேலே, நிலம் சுத்தம் செய்த யாரோ ஈரச் சருகைக் கூட்டிக் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள். காற்றில்லாததால் புகை மேலே போகாமல் பாதையிலேயே கிடந்தது. வேறு வழி இல்லை. முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு கடந்தோம்.

கடந்த பிறகு ஸ்டெல்லா ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளைப்பாறுகிறாள் என்று நினைத்தேன். பிறகு அந்தச் சத்தம் கேட்டது. மூச்சு உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் விசில் மாதிரி ஒரு சத்தம். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கியது. பையை அவள் முதுகிலிருந்து கழற்றி, முன்பக்கம் சாய்ந்தபடி உட்கார வைத்தேன்.

"இன்ஹேலர் எங்க ஸ்டெல்லா?"

பையைக் காட்டினாள். பேச வரவில்லை.

சீலைப் பிடுங்கி எறிந்தேன். மழை உறையைக் கழற்றினேன், வாய்க்கயிற்றை அவிழ்த்தேன். உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் உறை, வாயை முறுக்கி டேப் போட்டிருந்தது. கிழித்தேன். அதற்குள் தூங்கும் பை, அதற்கும் டேப். அடுத்து துணிச் சுருள், அதற்கும். ஒவ்வொரு சாமானையும் தனித்தனிக் கவரில் போட்டு, காற்றைப் பிதுக்கி, பழுப்பு டேப்பை இழுத்துச் சுற்றி, நுனி தெரியாமல் தேய்த்துவிட்டிருந்தார். கப்பலேறி, துறைமுகத்தில் இறங்கி, எங்கோ ஒரு தேசத்தில் யாரோ ஒருவர் ஒரே ஒரு முறை கத்தரிக்கோலோடு உட்கார்ந்து பிரிப்பதற்கான கட்டு. ஒன்றின்மேல் ஒன்று இடைவெளியில்லாமல் இறுக்கியிருந்ததால் முதல் மூட்டையை உருவவே நான் பையைக் காலால் மிதித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவசரத்தில் நகம் பிய்ந்தது.

முன்னால் போயிருந்த மேஸ்திரி ஓடிவந்தார்.

"எங்க வெச்சீங்க?" என்று கத்தினேன்.

"நடுவுல."

"நடுவுலன்னா?"

"சட்டிக்குள்ள. சட்டிய சுத்தி கம்பளி. அத சுத்தி ஷூ." சுற்றிச் சுற்றிக் கையால் காட்டினார். "முக்கியம்னு சொன்னாளே மேடம். அதான் நல்லா நடுவுல வெச்சேன்."

ஸ்டெல்லாவைப் பார்த்தேன். உதடு நிறம் மாற ஆரம்பித்திருந்தது. கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததே தவிர, கேள்விக்குத் தலையாட்டக்கூட அவளிடம் தெம்பில்லை. நான் அடுத்த டேப்பின் நுனியைத் தேடினேன். தேய்த்துவிட்டதில் கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது.

மேஸ்திரி என்னைத் தள்ளிவிட்டார். பையைச் சேற்றில் படுக்கப் போட்டார். பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து ஒரு முறை அழுத்திப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்து, மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாக அறுத்தார். வெளித்துணி, பஞ்சு, உள்துணி, பிளாஸ்டிக் எல்லாம் ஒன்றாகப் பிளந்தது. முழங்கை வரைக்கும் கையை விட்டுச் சட்டியை வெளியே இழுத்தார். மூடியைத் திறந்தால், காற்றுக் குமிழ் ஷீட்டில் சுற்றி அதற்கும் டேப். பல்லால் கடித்துக் கிழித்தார்.

நான் இன்ஹேலரைக் குலுக்கி ஸ்டெல்லாவின் வாயில் வைத்தேன். முதல் தடவை பாதிதான் உள்ளே போயிற்று. அடுத்த தடவை பரவாயில்லை. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. பிறகு மூன்று பேரும் அந்த விசில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அது மெதுவாக, ரொம்ப மெதுவாகக் குறைந்தது. உதட்டில் ரத்தம் திரும்பியது.

அவள் பேசிய முதல் பேச்சு, "ட்ரையல் போச்சாக்கா?"

"ட்ரையல் போவட்டும்டி. நீ பேசாத இரு" என்றேன்.

"மானேஜராண்ட சொல்லாதீங்கக்கா. மறுபடி பசைல போட்டுருவாங்க."

அதைக் கேட்டபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ஆபத்து தாண்டிவிட்டது என்று தோன்றும் நேரத்தில்தான் மூளை வேலை செய்ய வேண்டும். ஸ்டெல்லா நடந்துவிடுகிறேன் என்று எழுந்து நின்றாள். கொஞ்சம் தெளிவாகத்தான் இருந்தாள். இழுப்பு திரும்ப வரலாம், அடுத்த தடவை காட்டுக்குள் இன்னும் உள்ளே இருப்போம். மேலே ஏற வேண்டாம் என்று முடிவு செய்தேன். பாதையை விட்டுக் குறுக்கே இறங்கினால் தார் ரோடு பக்கம். என் பையையும் மேஸ்திரியின் பையையும் மரத்தடியிலேயே விட்டோம். அறுத்த பையை மட்டும் விட்டுவர மேஸ்திரி சம்மதிக்கவில்லை. சாமானெல்லாம் கொட்டிவிடாமல் இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார்.

ரோட்டில் பஸ் வந்தது. கண்டக்டர் பையைப் பார்த்து அதிர்ந்துபோனார்.

"இன்னாங்க இது, இப்டி அறுத்து வெச்சிருக்கான்? எவன் அவன்?"

மேஸ்திரி டிக்கெட்டுக்குக் காசை நீட்டினார்.

"கல்நெஞ்சக்காரன். நல்லா இருப்பானா?"

"இருக்கமாட்டான்" என்றார் மேஸ்திரி. டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்காதே, மூச்சு வாங்கும் என்று நான் அதட்ட வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். சாயங்காலம்வரை பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

அடுத்த நாள் மானேஜர் ரூமில் பஞ்சாயத்து. இருந்தது ஒரே சாம்பிள். வாங்குகிறவர்களின் ஆள் அந்த வாரமே வருகிறார். மானேஜர் பையை ஒரு தடவை பார்த்தார், எங்களை ஒரு தடவை பார்த்தார்.

"இழுப்பு இருக்கற பொண்ண மலைக்கு யாரு கூட்டிட்டுப் போவச் சொன்னது? அவளால முடியாதுன்னு தெரிஞ்சிபோச்சு. பழைய எடத்துக்கே அனுப்பிடுங்க."

வெளியே பெஞ்சில் ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மேஸ்திரி பேசிவிட்டார்.

"சார், ஜிப்பு வேணாம்னு சொன்னது நான். ஜிப்பு இருந்திருந்தா அறுத்திருக்க மாட்டேன். அவ நடந்ததாலதான் இது தெரிஞ்சுது. மணல் மூட்டைக்கு மூச்சு வாங்காது சார்."

"அதுக்கு?"

"இந்தப் பைய வாங்கறவன்ல எவனுக்கும் இழுப்பு இருக்காதா? சக்கர இருக்காதா? அவனுங்களும் நடக்கறானுங்க. அவனுங்களுக்கு பதிலா இங்க நடக்கறதுக்கு யாரு இருக்கறா, இவளத் தவிர?"

மானேஜருக்கு நல்ல குணம் ஒன்று உண்டு. பதில் தெரியாவிட்டால் பேச்சை மாற்றமாட்டார், வீம்பும் பிடிக்கமாட்டார். பையை இழுத்து அறுந்த இடத்தை விரித்துப் பார்த்தார். "அந்த மருந்து இனிமே அவ மேலயே இருக்கணும். பைக்குள்ள இல்ல" என்று கடைசியில் சொன்னார். வெளியே ஸ்டெல்லா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். எனக்கும் தேவைப்பட்டது, என்னிடம் கைக்குட்டை இல்லை.

வாங்குகிறவர்களின் ஆள் வந்த அன்று, அறுந்த பக்கம் சுவரைப் பார்த்திருக்கும்படி பையை நிற்க வைத்தார்கள். வந்தவர் முதல் வேலையாக அதைத் திருப்பினார். நடந்ததை நான் சொன்னேன். அவர் வெட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். படத்தில் ஜிப் வரைந்திருந்த அதே இடம், விரற்கடைகூட விலகவில்லை. "நீங்களே குறித்துவிட்டீர்களே, இனி தையுங்கள்" என்றார். ஜிப்புக்கு மேல் தண்ணீர் போகாமல் ஒரு மடிப்புத் துணி வைத்துத் தைத்தார் மேஸ்திரி. குடம் குடமாக ஊற்றினோம். கொஞ்சம் கசிந்தது. அதற்காக அவர் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து சரிசெய்தார்.

இப்போது உங்களுக்கு. தோல் வேலை செய்கிற நம் பக்கத்து ஆட்கள் நன்றாகக் கட்டுவோம், அதில் நமக்கு ஈடு கிடையாது. ஆனால் நாம் கட்டுவதெல்லாம் அனுப்புவதற்கு. கட்டியதைப் பிரிக்கும் வேலை நமக்கு வந்ததே இல்லை. பயணம் போகிறவன் தினமும் பிரிக்கிறான், மழையில் பிரிக்கிறான், இருட்டில் பிரிக்கிறான், கை நடுங்கும்போது பிரிக்கிறான். பளுவான சாமான் முதுகை ஒட்டி இருக்கட்டும். தூங்கும் பை அடியில் போகட்டும். மேலே போடும் மழை உறையை நம்பாதீர்கள், உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் உறை கட்டாயம் வேண்டும், அதன் வாயை முறுக்கி மடித்தால் போதும். டேப்பைத் தொடாதீர்கள். முக்கியமான பொருள் எது என்று கேளுங்கள், கேட்டுவிட்டு அதைப் பாதுகாக்காதீர்கள். மேல் பாக்கெட்டில் வையுங்கள், இல்லாவிட்டால் தோள் பட்டையில் மாட்டுங்கள். நனைந்தால் நனையட்டும்.

நிரப்பி முடித்ததும், சுமக்கப் போகிறவரையே கூப்பிட்டுக் கண்ணை மூடச் சொல்லி, ஒரே கையால் அந்தப் பொருளை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எடுத்தால்தான் சீல். இதற்கு சாம்பிள் ரூமில் 'ஸ்டெல்லா டெஸ்ட்' என்று பெயர். ஸ்டெல்லாவுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. அவள்தான் இனி உங்களுக்கு இன்சார்ஜ் என்பதால் அவள் காதுபட அப்படிச் சொல்லாதீர்கள். அவள் கழுத்தில் தோல் துண்டில் தைத்த ஒரு சின்ன உறை தொங்கும், பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருப்பது இன்ஹேலர். மலையிலிருந்து இறங்கிய மறுநாள் மேஸ்திரி தைத்துக் கொடுத்தது. மூடி கிடையாது, பொத்தான் கிடையாது.

என் வழியனுப்பு விழா அன்று, எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அவளிடம் கேட்டேன்.

"அன்னிக்கு மலைல ரொம்ப பயந்துட்டியா?"

"மொதல்ல இல்லக்கா. எப்பவும் வர்றதுதானேன்னு இருந்தேன். நீங்க கத்துனப்பகூட பயப்படல, நீங்க எப்பவுமே கத்துவீங்க."

"அப்றம்?"

"மேஸ்திரி அந்தப் பைய தரையில கூட வெக்க வுடமாட்டாருல்ல. அவரு அத சேத்துல போட்டு கத்திய எடுத்தாரு பாருங்க, அப்பதான் எனக்கே தெரிஞ்சுது, நான் செத்துனு இருக்கேன்னு."